கண்டுக்காதீங்க டீச்சர்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வேங்கிக்கால் நிறுத்தத்துக்கு வரும் பள்ளி வேனைப் பார்த்தாலே அது இரவெல்லாம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். இருக்கைகளுக்கு அடியில் தண்ணீர் பாட்டில்கள் உருளும். பிரிந்த விபூதிப் பொட்டலம் தரையில் கொட்டியிருக்கும். யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும் புளியோதரை காய்ந்து ஒட்டிய தட்டும் கிடக்கும். அதன் நடுவில் புத்தகப் பைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் உட்காருவார்கள். ஓட்டுநர் மாறன் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்து, துண்டால் அழுந்தத் துடைத்துவிட்டு, மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தை ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்களில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கிரிவலப் பாதைவரை ஆட்களை ஏற்றிப்போக வண்டிகள் வேண்டும். பள்ளியின் தாளாளர் இளஞ்செழியன் தன் வேன்களை அதற்கு விட்டிருந்தார். முன்கண்ணாடியில் ‘கிரிவல பக்தர்கள் சேவை’ என்று ஒரு தட்டி தொங்கும். சேவைதான், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்த சேவை. விடிந்ததும் தட்டியைக் கழற்றி இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு, அதே வேனை அதே ஓட்டுநர் பிள்ளைகளை ஏற்றக் கொண்டுவருவார்.

இது ஒன்றும் ரகசியம் அல்ல. பெற்றோருக்குத் தெரியும். ஆசிரியர்களுக்குத் தெரியும். நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். மாறனுக்கு அன்றைக்கு மட்டும் டிகாஷன் ஜாஸ்தியாக விட்டுத் தருவார். அந்த அளவுக்கு எல்லாருக்கும் அக்கறை இருந்தது. அக்கறை அதோடு நின்றும் போனது.

ஜினமதி அந்தப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர். ஆரணிப் பக்கம் ஒரு ஜைன கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பம். கணவர் அபிநந்தன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வேங்கிக்காலில் புதிதாக எழுந்த மனைகளில் எங்கள் தெருவில்தான் அவர்கள் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். குழாயில் இன்றைக்கும் வெள்ளைத் துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரோடு உள்ளே போய்விடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம். சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிச் சுவரில் மாட்டிய பிறகும் துணியை அவர்கள் அவிழ்க்கவில்லை.

அவரைப் பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை. வேங்கிக்கால் வேனுக்குப் பொறுப்பாசிரியர் அவர்தான். இரண்டு வருடமாக பௌர்ணமிக்கு மறுநாள் காலைகளில் மாறனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனவர். மற்ற நாட்களில் வேனில் யாராவது கத்தினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அடங்கிவிடும். பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் அவரே சொல்வார்: “எல்லாரும் சத்தமா வாய்ப்பாடு சொல்லுங்க.” பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்துவார்கள். மாறன் தலை தொங்குகிற மாதிரி இருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தச் சொல்வார். பிள்ளைகள் அதற்கு ‘பௌர்ணமிப் பாட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். தான் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக ஜினமதி நினைத்திருந்தார். தூங்குகிறவன் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பாடக் கற்றுக்கொடுத்ததைக் காப்பாற்றுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவரைக் கலைத்தது ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒரு பாடம். ஆங்கில மரபுத்தொடர்கள் பகுதியில் ‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’ வந்தது. தெரிந்தே பார்க்காததுபோல் இருப்பது என்று பொருள் சொன்னார். அதன் பின்னால் ஒரு கதை உண்டு என்று அதையும் சொன்னார். ஒரு கப்பற்படைத் தளபதிக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. போரிலிருந்து பின்வாங்கச் சொல்லி மேலதிகாரி கொடி காட்டினார். தளபதி தொலைநோக்கியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்துக்கொண்டு, கொடி எதுவும் தெரியவில்லையே என்றாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆளுக்கொரு வாக்கியம் அமைக்கச் சொன்னார். லஞ்சம் வாங்குபவர், காப்பியடிக்கும் மாணவன் என்று வழக்கமான வாக்கியங்கள் வந்தன. பிறகு ஓவியா எழுந்தாள். அதே வேனில் வரும் பெண். அவள் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வேன் அங்கிள் தூங்குகிறார், எங்கள் டீச்சர் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார், ஆகவே நாங்கள் பாடுகிறோம்.

வகுப்பு சிரிக்கவில்லை. ஓவியா குற்றம் சொல்லும் குரலிலும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னாள்.

“சரியான வாக்கியம்,” என்றார் ஜினமதி. “உட்காரு.”

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் வேதாவிடம் இதைச் சொன்னார். வேதா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: “சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிடுச்சு. கண்டுக்காதீங்க டீச்சர்.”

இந்தச் சொல்லை யோசித்துப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அந்தத் தொடர் ஒருவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு. கண்ணை மூடிக்கொண்டாயே என்று கேட்பது. நம்மிடம் அதே செயல் அன்போடு தரப்படும் அறிவுரை. மாமியார் ஏதாவது சொன்னால் கண்டுக்காதே. மேலதிகாரி கத்தினால் கண்டுக்காதே. பக்கத்து வீட்டில் ஒருவன் மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டால், நமக்கெதுக்கு, கண்டுக்காமல் கதவைச் சாத்து. இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், நம்மேல் பிரியம் உள்ளவர்கள். ‘அவன் கண்டுக்காம விட்டுட்டான்’ என்பதைப் பெருந்தன்மையின் சான்றாகத்தான் இந்த ஊரில் பேசக் கேட்டிருக்கிறேன்; யாரும் அதைச் சொல்லி ஒருவரைக் கேள்வி கேட்டதாக நினைவில்லை. அந்தத் தளபதிக்காவது ஒரு கண் உண்மையிலேயே தெரியாது. நமக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

அன்று மாலை ஜினமதி வீட்டில் பேச்சு இதுதான். அபிநந்தன் குழாயில் துணியை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நீ போய் கேட்டா மாறனத்தான் வெளிய அனுப்புவாங்க. தாளாளருக்கு என்ன ஆகப்போவுது? அவன் பொழப்பும் போயிடும். கண்டுக்காம விடு ஜினா.”

“கண்ணுக்குத் தெரியாத உயிரு செத்துடும்னு துணி கட்டுறோம்ல?”

“ஆமா. அதுக்கு?”

“கண்ணு முன்னாடி உட்கார்ந்து பாடுதே, அதுங்களுக்கு என்ன கட்டுறது?”

அபிநந்தன் துணியின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். ஆனால் அவர் சொன்னதில் பிசகு இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும். கடைசியில் அப்படித்தான் நடந்தது.

மறுநாள் ஜினமதி தாளாளரைப் பார்க்கப் போனார். இளஞ்செழியன் மோசமாகப் பேசுகிறவர் அல்ல. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

“இத்தன வருஷமா ஓடுது. ஒரு கீறல் விழுந்திருக்கா டீச்சர்?”

“விழல சார். விழுறதுக்கு முன்னாடி சொல்லலாம்னுதான் வந்தேன்.”

“சாமி காரியம் பண்ணிட்டு வர்றவன அண்ணாமலையார் பாத்துப்பாரு.”

“பீஸ் நம்மகிட்டதானே சார் கட்டுறாங்க.”

இளஞ்செழியன் சிரித்தார். “உங்க ஜனங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுவீங்க. ராத்திரி ஊர்ல நடக்கிறதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பத்தாம் வகுப்பு ரிசல்ட்ட பாருங்க. அதுல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல.”

“ராத்திரி நடக்கிறத நான் கேக்கல சார். காலைல நடக்கிறதுதான்.”

“காபி ஆறுது, குடிங்க,” என்றார் அவர்.

சாமி பார்த்துக்கொள்வார் என்பதை நம்பித்தான் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குக் கோபம். வெறும் பேராசையாக இருந்தால் சுட்டிக்காட்டிவிடலாம். இங்கே ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் வேலை வாங்குவதற்குப் புண்ணியம் என்று பேர் இருந்தது. மாறனே அதை நம்பினார். பக்தர்களை ஏற்றி இறக்கிய கை தவறாது என்று டீக்கடையில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். மலையைச் சுற்றி வாழ்கிற எங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பை இவ்வளவு பக்தியோடு செய்ய முடியாது.

அடுத்த பௌர்ணமி வந்தது. மறுநாள் காலை வேன் நிறுத்தத்துக்கு வந்தபோது ஜினமதி ஏறவில்லை. சுற்றிவந்து ஓட்டுநர் பக்கக் கதவருகில் நின்றார்.

“இன்னா டீச்சர், ஏறலயா?”

“ராத்திரி எவ்ளோ நேரம் தூங்கினீங்க மாறன்?”

“நமக்கு இன்னா டீச்சர் தூக்கம். பழகிப்போச்சு. கண்ணத் தொறந்துக்கினே தூங்குவேன் நானு.”

வேனுக்குள் முந்தைய நிறுத்தங்களில் ஏறியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மாறனும் சிரித்தார். ஜினமதி கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டார்.

“டீச்சர், வேணாம். குடுங்க. கண்டுக்காதீங்க டீச்சர், இன்னும் அரை மணி நேரம், கொண்டுபோய் வுட்டுட்டு படுத்துக்கறேன்.”

“பின் சீட்ல படுங்க. பெத்தவங்க வந்து கூட்டிக்கினு போகட்டும்.”

அங்கே நின்றிருந்த பெற்றோர் சுற்றிச் சூழ்ந்தார்கள். ஆதிலட்சுமி முன்னால் வந்தார். கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடையில் வேலை செய்பவர். மகன் ஆதவன் இரண்டாம் வகுப்பு.

“நான் கடை தொறக்கணும் டீச்சர். இன்னா வெளாட்டு இது?”

“டிரைவர் தூங்கலம்மா.”

“அது எப்பவும்தானே. இப்ப இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆகலன்னா எதுக்கு வண்டிய நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. விபத்து நடந்த பிறகு எல்லாரும் சாட்சி சொல்லலாம். நடப்பதற்கு முன் நிறுத்துகிறவர் கையில் காட்ட எதுவும் இருப்பதில்லை. அவர் தடுத்தது நடக்காமல் போகிறது. நடக்காததை யாரும் பார்க்க முடியாது. அதனால் அவர் வீண்வம்பு பிடித்தவர் ஆகிறார். ஜினமதி அந்தச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நின்றார்.

தாளாளர் காரில் வந்தார். குரலை உயர்த்தவில்லை. வேறொரு வேனை வரவழைத்தார். அதன் ஓட்டுநரும் இரவு முழுக்க ஓட்டியவர்தான்; அவர் நெற்றியிலும் விபூதி ஈரம் காயவில்லை. பெற்றோர் பிள்ளைகளை அதில் ஏற்றினார்கள். ஆதிலட்சுமி ஆதவனைத் தூக்கி உள்ளே விட்டபோது ஜினமதியைப் பார்த்து, “சாவிய நல்லா வெச்சிக்கோங்க,” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஓவியா மட்டும் ஏறாமல் நின்றாள். பிறகு அவள் அப்பா வந்து பைக்கில் கூட்டிப்போனார், மகளைத் திட்டிக்கொண்டே.

அன்று மாலைக்குள் மாறனுக்கு வேலை போய்விட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது: பிள்ளைகளின் பாதுகாப்பே எங்களுக்கு முதன்மை, பணி நேரத்தில் தூங்கிய ஓட்டுநர் உடனடியாக நீக்கப்பட்டார். கும்பிடும் கைகளும் பாராட்டும் கட்டைவிரல்களும் அதன் கீழே குவிந்தன. காலையில் அதே ஓட்டுநர் ஓட்டட்டும் என்று சண்டை போட்டவர்களின் கட்டைவிரல்களும் அதில் இருந்தன. ஜினமதி காட்டித்தான் இதைப் படித்தேன். திருடன் ஒருவன் வீட்டுக்காரரைப் பிடித்துக் காவலில் கொடுத்து, அதற்கு மாலையும் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

ஜினமதி அந்தக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். சின்னப் பதிவு. “மாறன் தூங்கல. அவரத் தூங்க விடல. யாரு விடலன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு வருஷம் நானும் பேசாமதான் இருந்தேன்.” சற்று நேரத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறுநாள் வேன் பொறுப்பையும் எடுத்துவிட்டார்கள். பொதுத்தேர்வு நெருங்கியதால் வேலையில் கைவைக்கவில்லை. “இனிமே ஸ்கூட்டிலயே வந்துடுங்க டீச்சர், உங்களுக்கும் வசதி,” என்றார் தாளாளர்.

சில நாள் கழித்து மாறனை ஜினமதி பேருந்து நிலையத்தின் அருகில் பார்த்தார். மாறன் வாடகை ஆட்டோ ஓட்ட ஆரம்பித்திருந்தார். ஜினமதி தாளாளரிடம் மறுபடி பேசுவதாகச் சொன்னார்.

“நீங்க பேசினது போதும். எறும்பக்கூட மிதிக்க மாட்டீங்க உங்க ஜனங்க. என் வயித்த மட்டும் நல்லா பாத்து மிதிச்சீங்க.”

“நான் உங்களச் சொல்லல மாறன்.”

“யாரச் சொன்னா இன்னா. யாருக்குப் போச்சு?”

ஒரு ஆள் வந்து செங்கம் ரோடு போகணும் என்றான். மாறன் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜினமதி அதைத் தெருவில் என்னிடம் சொன்னபோது, தன் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் செய்தவற்றில் நான் தயக்கமில்லாமல் மதிப்பது அது ஒன்றைத்தான்.

அதற்கிடையில் ஆதிலட்சுமி வீட்டில் ஒன்று நடந்தது. பின்னால் அவரே எல்லாரிடமும் சொன்னார். கடையிலிருந்து வந்து சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், அலுப்பில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த ஆதவன் திடீரென்று தொண்டை கிழியக் கத்தினான்: “ஃபைவ் ஒன்ஸ் ஆர் ஃபைவ், ஃபைவ் டூஸ் ஆர் டென்...”

“எதுக்குடா இப்படி கத்துற?”

“நீ தூங்குறல்லம்மா. யாரு தூங்கினாலும் பாடணும். இல்லன்னா வண்டி இடிச்சிரும்.”

“எந்த வண்டி?”

“நம்ம வேனு. பௌர்ணமிப் பாட்டு. உனக்குத் தெரியாதா?”

ஓட்டுநர் தூங்காமல் ஓட்டுகிறார் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும். இதற்காகத் தன் பிள்ளை பாடக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று தெரியாது. ஏழு வயதுக் குழந்தை, பெரியவர்கள் யாரும் செய்யாத காவலைத் தன் தொண்டையால் செய்துகொண்டிருந்தது. அன்று கீரை ஆய்ந்தபடியே கிடந்தது என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஜினமதி ஸ்கூட்டியை நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் போட்டுவிட்டு நின்றிருந்தார். அங்கே நிற்க அவருக்கு இப்போது எந்தப் பொறுப்பும் கிடையாது. யாரும் அவரிடம் பேசவில்லை. வேன் வந்தது. புதிய ஓட்டுநர் சுப்பன், மீசை இப்போதுதான் அடர்ந்து வரும் வயது. ஜன்னலோரத்தில் ஓவியா உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அவள் அப்பாவே முந்தைய நிறுத்தத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். சுப்பன் இறங்காமலேயே ஹாரன் அடித்தார்.

ஜினமதி ஓரடி எடுத்துவைத்தார். அதற்குள் ஆதிலட்சுமி ஆதவனின் கையைப் பிடித்தபடி வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

“ஹாரன் அடிக்காத. மூஞ்சியக் காட்டு.”

“லேட் ஆவுது அக்கா. ஏத்துங்க.”

“ஆவட்டும். ராத்திரி எங்க இருந்த?”

“வூட்லதான்.”

“சீட்டுக்கு அடியில தட்டி நீட்டிக்கினு இருக்குது. வூட்ல இருந்தவனுக்கு எதுக்குடா தட்டி?”

சுப்பன் ஜினமதியைப் பார்த்தார்.

“டீச்சர எதுக்குப் பாக்கற? என்னப் பாத்து சொல்லு. தூங்கினியா?”

மற்ற அம்மாக்கள் பிள்ளைகளை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பைகளைத் தோளில் மாட்டிய கை அப்படியே நின்றது. ஒருவர் மட்டும், “விடு ஆதி, கண்டுக்காத, நேரமாவுது,” என்றார். ஆதிலட்சுமி திரும்பவில்லை.

சுப்பன் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவராகவே இன்ஜினை அணைத்தார். யாரும் கேட்காமலே சாவியை எடுத்து ஜன்னல் வழியாக ஆதிலட்சுமியிடம் நீட்டினார். “ரெண்டு நாளா தூங்கல அக்கா,” என்றார். ஆதிலட்சுமி சாவியை வாங்கிக்கொண்டு அடுத்து ஏதோ கேட்பதற்குள் அவர் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது.

வேனுக்குள் இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். பழக்கம்தான். பின் இருக்கையில் ஒருவன் ஆரம்பிக்க, எல்லாரும் சேர்ந்துகொண்டு ஐந்தாம் வாய்ப்பாட்டை உச்சக்குரலில் எடுத்தார்கள்.

ஜினமதி படியில் ஏறினார். ஓவியாவைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“பாடாதீங்க. அவர் தூங்கட்டும். ஒவ்வொருத்தரா சத்தமில்லாம கீழ எறங்குங்க.”